குறுக்கெழுத்துல கொஞ்சம் பூட்டும் போடுங்க, சாவியை நாங்க தேடிக்கிறோம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

கோட்டையூர்லேருந்து எழுதுறேன். உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல வர்ற குறுக்கெழுத்தை எங்க வீட்டுல ரொம்ப வருஷமா போட்டுக்கிட்டு வர்றோம், பேப்பர் வந்ததும் அந்தப் பக்கத்தை யாரு மொதல்ல உருவுறதுன்னு போட்டி நடக்குற வீடு இது, அதனால இதை குறை சொல்ற கடிதமா எடுத்துக்காம உரிமையோட கேக்குற கடிதமா எடுத்துக்கங்க.

கேக்க வந்தது இதுதான். இப்ப நீங்க போடுற குறிப்பு எல்லாமே "கடலின் வேறு பெயர்", "ஒரு பழம்", "முருகனின் வாகனம்" இந்த மாதிரிதான் இருக்கு. கடலுக்கு ரெண்டு எழுத்துன்னா ஆழி, அதுக்கு மேல யோசிக்க ஒண்ணுமில்ல, தெரிஞ்சா தெரியும் தெரியாட்டி அகராதிய புரட்டணும். மாசத்துக்கு ஒரு தடவையாவது சங்கேதக் குறிப்பு வச்ச புதிர் போடுங்க, இங்கிலீஷ்ல கிரிப்டிக்னு சொல்றாங்களே அது. அதுலயும் விடையை அப்படியே கட்டத்துல எழுத முடியாம ஒரு சங்கேத முறைப்படி மாத்தி எழுத வேண்டிய வகை இருக்கு, குறிப்பையே விசித்திரமா எழுதுற வகைகளும் இருக்கு, அதையும் தமிழ்ல செய்யலாம், நல்லாவே செய்யலாம், எப்படின்னு காட்டத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன், வெட்டாம போட்டீங்கன்னா சந்தோஷப்படுவேன்.

சங்கேதக் குறிப்புன்னா என்னன்னு தெரியாத வாசகர்களுக்காக ஒரு உதாரணம், இது நானே எங்க பக்கத்து ஊரை வச்சு எழுதினது: "ஆத்தங்குடிக்கு உள்ளே இரு (3)". படிச்சா யாரோ யாரையோ அங்கயே இருக்கச் சொல்ற மாதிரி இருக்கும், இல்லாட்டி ஆத்தங்குடி டைல்ஸ் ஞாபகம் வரும், "இரு"ன்னதும் ரெண்டுங்கிற எண்ணு கூட வந்து குழப்பும். ஆனா ஆத்தங்குடிங்கிற பேரை எழுத்து எழுத்தா பிரிச்சுப் பாருங்க, ஆ, த், த, ங், கு, டி. அதுக்கு உள்ளயே த, ங், கு உக்காந்திருக்கு. தங்குன்னா இருன்னு அர்த்தம். ஆக விடைக்கு ரெண்டு வழியில போய்ச் சேரலாம், ஒண்ணு நேர் பொருள், இன்னொண்ணு எழுத்து விளையாட்டு, ரெண்டும் ஒரே இடத்துல வந்து நிக்கும்போதுதான் விடை சரின்னு நமக்கே தெரியும், அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்கவே வேண்டாம். இன்னொண்ணு சின்னது: "தலையிழந்த மதுரையில் வெள்ளைக்காரர் (2)". மதுரையில முதல் எழுத்தை எடுத்துட்டா துரை. அவ்வளவுதான்.

இந்த ரெண்டு வழிங்கிற விஷயத்தை நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன், ஏன்னா நம்ம நாட்டுல குறுக்கெழுத்துக்கு ஒரு காலத்துல கெட்ட பேரு வந்ததே அது இல்லாததாலதான். 1930கள்லேயே ஆனந்த விகடன்ல பரிசோட குறுக்கெழுத்துப் போட்டி வந்துச்சு, அப்புறம் நாடு முழுக்க நிறைய பேரு அந்த மாதிரி நடத்தினாங்க, கூப்பனை வெட்டி நுழைவுக் கட்டணத்தோட அனுப்பணும். பல போட்டிகள்ல குறிப்பு எப்படி இருக்கும்னா ஒரு எழுத்துக் கட்டத்துல ரெண்டு மூணு எழுத்து பொருந்தும், எல்லாமே அர்த்தம் தரும், எது "சரி"ங்கிறது நடத்துறவங்க கையில. அது அறிவுப் போட்டி இல்ல, அதிர்ஷ்டம். அதனாலதான் 1955ல மத்திய அரசு பரிசுப் போட்டிகள் சட்டம்னே ஒண்ணு கொண்டு வந்து, ஒரு மாசத்துல ஆயிரம் ரூபாய்க்கு மேல பரிசு குடுக்குற போட்டி நடத்தக் கூடாதுன்னு தடை போட்டாங்க, அதுக்கு உள்ள நடத்தவும் லைசென்ஸ் வேணும்னாங்க. 1957ல சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டம் சூதாட்ட வகைக்குத்தான் பொருந்தும், திறமையால ஜெயிக்கிற போட்டிக்கு இல்லன்னு தீர்ப்பு சொல்லுச்சு. திறமைன்னா அதுக்கு ஒரே ஒரு விடைதான் இருக்கணும், அந்த விடைதான் சரின்னு காட்டவும் முடியணும். சங்கேதக் குறிப்பு அதைத்தான் செய்யுது. நான் பரிசு கேக்கலை, நல்ல குறிப்பு கேக்குறேன்.

இது எங்கேருந்து வந்துச்சுன்னு சுருக்கமா சொல்லிடுறேன். மொத குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21ல நியூயார்க் வேர்ல்டு பத்திரிகையில ஆர்தர் வின் போட்டது, அது வெறும் பொருள் கேக்குற வகை. சங்கேத வகைய வளர்த்தது இங்கிலாந்துக்காரங்க, 1920கள்ல அப்சர்வர் பத்திரிகையில டார்குமாடாங்கிற புனைபேர்ல எட்வர்ட் போவிஸ் மேதர்ஸ் போட்டாரு, அவருக்கு அப்புறம் சிமினீஸ்ங்கிற பேர்ல மக்நட் வந்து இதுக்கெல்லாம் ஒரு நியாயம் வேணும், குறிப்பு எழுதுறவர் நம்மளை திசை திருப்பலாம் ஆனா பொய் சொல்லக் கூடாதுன்னு கறாரா விதி வச்சாரு. நம்ம பக்கத்துல தி இந்துல 1971லேருந்து இங்கிலீஷ் கிரிப்டிக் வருது, எங்க அம்மான் தேவகோட்டைக்கு வேலைக்குப் போறப்ப பஸ்ஸுலயே அதை முடிச்சிருவாக, எனக்கு இந்தப் பைத்தியம் அவுககிட்டேருந்து ஒட்டினதுதான்.

சங்கேத எழுத்து வர்ற வகைக்குப் பேர் போனது லிஸனர் குறுக்கெழுத்து. பிபிசி நடத்தின லிஸனர் பத்திரிகையில 1930ல ஆரம்பிச்சது, அந்தப் பத்திரிகை நின்னு போன பிறகு 1991லேருந்து லண்டன் டைம்ஸ்ல சனிக்கிழமை சனிக்கிழமை வருது. அதுல மூணு மாசத்துக்கு ஒரு தடவை எழுத்தே இல்லாம முழுக்க எண்ணுலயே புதிர் வரும், அதை நான் இங்க விட்டுடுறேன். எனக்குப் பிடிச்சது அதுல அடிக்கடி வர்ற பிளேஃபேர் முறை. அதைக் கண்டுபிடிச்சவர் சார்லஸ் வீட்ஸ்டன், 1854ல, ஆனா அதை எல்லாருக்கும் எடுத்துச் சொன்ன லார்டு பிளேஃபேர் பேரே நிலைச்சுப் போச்சு. அஞ்சுக்கு அஞ்சு கட்டம் போட்டு, ரகசியச் சொல் ஒண்ணை வந்த எழுத்து திரும்ப வராம மொதல்ல நிரப்பி, மிச்சம் இருக்குற எழுத்துகளை வரிசையா அடுக்கணும், 26 எழுத்து 25 கட்டத்துல அடங்காதுங்கிறதால ஐயையும் ஜேயையும் ஒரே கட்டத்துல போட்டுருவாங்க. அப்புறம் விடையை ரெண்டு ரெண்டு எழுத்தா பிரிச்சு, ரெண்டும் ஒரே வரிசையில இருந்தா வலது பக்கத்து எழுத்து, ஒரே பத்தியில இருந்தா கீழ இருக்குறது, ரெண்டும் இல்லன்னா அந்த ரெண்டு எழுத்தையும் மூலையா வச்ச செவ்வகத்தோட மத்த ரெண்டு மூலைன்னு மாத்தணும். புதிர்ல என்ன பண்ணுவாங்கன்னா பெரும்பாலான விடையை அப்படியே எழுதச் சொல்லிட்டு நாலஞ்சு விடையை மட்டும் இப்படி மாத்தி எழுதச் சொல்வாங்க, ஆனா ரகசியச் சொல் என்னன்னு சொல்ல மாட்டாங்க. குறுக்க போற விடைகள்லேருந்து கிடைக்கிற எழுத்தை வச்சு நாமளே அந்தக் கட்டத்தைத் திரும்பக் கட்டி, ரகசியச் சொல்லைக் கண்டுபிடிக்கணும். நாள் முழுக்க மண்டைக்குள்ள ஓடும்.

இது வெறும் பொழுதுபோக்குன்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு. 1942 ஜனவரியில டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை ஆளுகளைக் கூப்பிட்டு உக்கார வச்சு 12 நிமிஷத்துல குறுக்கெழுத்து முடிக்கச் சொல்லி போட்டி வச்சாங்க, அதுல தேறினவங்கள்ல சில பேருக்குப் பிறகு யுத்த இலாகாவுலேருந்து கடிதம் வந்துச்சு, ஜெர்மன்காரங்க சங்கேதத்தை உடைச்ச பிளெட்ச்லி பார்க் வேலைக்கு.

சரி, தமிழுக்கு வர்றேன், இதுக்காகத்தான் கடிதமே. பிளேஃபேரை அப்படியே தமிழுக்குக் கொண்டு வர முடியாது, 247 எழுத்துக்கு கட்டம் போட்டா வீட்டுத் தரை பத்தாது. ஆனா நமக்கு அது தேவையே இல்லை, நம்ம மெய்யெழுத்துலயே ஒரு சங்கேத எந்திரம் தயாரா இருக்கு. வல்லினம் ஆறு, க ச ட த ப ற. மெல்லினம் ஆறு, ங ஞ ண ந ம ன. இடையினம் ஆறு, ய ர ல வ ழ ள. மூணு சக்கரம், சக்கரத்துக்கு ஆறு எழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் அதோட சக்கரத்துலயே ஒரு படி தள்ளுங்க, க இருந்தா ச, ச இருந்தா ட, கடைசியில ற வந்தா திரும்ப க. உயிரைத் தொடாதீங்க, கா இருந்தா சா, கு இருந்தா சு. தனி உயிரெழுத்து, ஆய்தம், ஜ ஷ ஸ ஹ எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும். இப்ப காரைக்குடியை இதுல போட்டா என்ன வருதுன்னு பாருங்க: சாலைச்சுதி. அகராதியில இல்லாத சொல்லுதான், ஆனா வாயில நுழையுது, ஏதோ ஒரு ஊருன்னு சொன்னா நம்புவாங்க.

ஏன் வாயில நுழையுதுங்கிறதுதான் இதுல இருக்குற அழகு. நம்ம இலக்கணத்துல இன எழுத்துன்னு படிச்சோம்ல, ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. மெல்லினச் சக்கரமும் வல்லினச் சக்கரமும் ஒரே அளவு சுத்தும்போது ங்க போய் ஞ்ச ஆகும், ஞ்ச போய் ண்ட ஆகும், ஜோடி பிரியவே பிரியாது. அதனால மாத்தின சொல்லும் தமிழ்ச் சொல் மாதிரியே ஒலிக்கும், நிறைய இடத்துல நிஜமாவே தமிழ்ச் சொல்லா ஆகிடும். காடு சாது ஆகும். கதை சபை ஆகும். கன்று சங்கு ஆகும், கஞ்சி சண்டி ஆகும், கடை சதை ஆகும். மேல சொன்ன ஆத்தங்குடி குறிப்புக்கு விடை தங்கு, அதை ஒரு படி தள்ளினா பஞ்சு! கட்டத்துல பஞ்சுன்னு எழுதணும், குறிப்புல பஞ்சைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. புதிர் முடிஞ்ச கட்டத்தைப் பாக்குறவங்களுக்கு எல்லாமே சாதாரண சொல்லாத்தான் தெரியும், எது மாறினது எது மாறாததுன்னு போட்டவங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இதுல எனக்குக் கிடைச்ச பெரிய புதையல் ஒண்ணு இருக்கு. அன்றுங்கிற சொல்லை எடுத்து ஒவ்வொரு படியா தள்ளிக்கிட்டே போங்க. அன்று, அங்கு, அஞ்சு, அண்டு, அந்து, அம்பு, திரும்ப அன்று. ஆறு படியும் தமிழ்ச் சொல், ஒண்ணு கூட பிசகலை. அண்டுன்னா நெருங்கு, அந்துன்னா நெல்லு மூட்டையில பறக்குற பூச்சி, எங்க பக்கம் பத்தாயம் இருந்த வீட்டுக்காரங்க எல்லாருக்கும் தெரியும். ஒரே சொல்லு சக்கரம் முழுக்க சுத்தி வந்து ஆறு இடத்துலயும் உயிரோட நிக்குது. என்று, எங்கு, எஞ்சுன்னு இன்னொரு வரிசையும் மூணு படி வரைக்கும் போகும். இதைப் பாத்தப்ப எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை, நம்ம எழுத்தை வரிசைப்படுத்தி வச்சவங்க எவ்வளவு ஒழுங்கா வச்சிருக்காங்கன்னு நினைச்சு நினைச்சு எழுந்து எழுந்து எழுதிப் பாத்தேன்.

இதுக்குச் சாவி எத்தனைன்னு பாத்தா, மூணு சக்கரத்தையும் தனித்தனியா வேற வேற அளவு சுத்தலாம், ஆறு ஆறு ஆறு பெருக்கினா 216, அதுல ஒண்ணு எதையும் மாத்தாது, மிச்சம் 215. ஆனா வல்லினமும் மெல்லினமும் வேற வேற அளவு சுத்தினா ங்ட, ஞ்பன்னு வந்து இது மாறின சொல்லுன்னு காட்டிக் குடுத்துரும், சுலபமான புதிருக்கு அதுவும் நல்லதுதான், புதுசா வர்றவங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். ப வுல ஆரம்பிக்கிற சொல்லை ஒரு படி தள்ளினா ற முதல்ல வந்துரும், பந்து றம்பு ஆகும், தமிழ்ல ற முதல்ல வராதுங்கிறது பள்ளிக்கூடப் பாடம், ஆக அதுவும் ஒரு தடயம். சாவியை நீங்க சொல்லவே வேண்டாம். மேலிருந்து கீழ வர்ற மாத்தாத விடை ஒண்ணு தங்குவோட நடுக்கட்டத்துல ஞ் போட்டா, ங் ஞ் ஆயிருக்கு, மெல்லினம் ஒரு படின்னு நாங்களே பிடிச்சுக்குவோம். இன்னொரு விடையிலேருந்து வல்லினம் கிடைக்கும், இடையினத்துக்கு ய ர ல வ வர்ற விடை ஒண்ணு இருந்தாப் போதும். உயிரெழுத்தையும் சுத்தலாமேன்னு யோசிச்சேன், அ ஆ, இ ஈன்னு ஜோடி ஜோடியா போகும், ஆனா ஐயும் ஔவும் ஜோடி இல்லாம நிக்கிறதால குறில் நெடில் தாறுமாறாகிடுது, அதனால இப்போதைக்கு மெய்யோட நிறுத்திக்கிறது நல்லது.

இதை நான் சும்மா தாள்ல எழுதி வச்சுக்கலை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, சின்னது பெருசா வட்டங்க போட்டு, நடுவுல சட்டைப் பொத்தானை வச்சுத் தச்சு சுத்துற மாதிரி பண்ணினேன். எங்க பக்கத்துப் பத்திரிகை அட்டை நல்ல கெட்டி, மடங்காது, வருஷக்கணக்குல வரும். லீவுக்கு வந்த பிள்ளைகளுக்குக் காட்டினா ஒரு மத்தியானத்துக்குள்ள பிடிச்சுக்கிச்சுங்க, முகப்புலேருந்து ரெண்டாங்கட்டுக்கு துண்டுச் சீட்டு பறக்குது, "சஞ்சிட்டைலு"ன்னு என்னென்னமோ எழுதி ஒண்ணுக்கொண்ணு அனுப்பிக்கிதுங்க, வல்லினம் மெல்லினம் இடையினம் எல்லாம் எந்தப் பிள்ளையும் வாய்ப்பாடா ஒப்பிக்காமயே மனசுல ஏறிப் போச்சு. ஆறாவது படிக்கிற பையன் "க்க எப்பவும் ச்ச ஆகும், ங்க எப்பவும் ஞ்ச ஆகும், அப்ப ஏன் ங்ச வராது"ன்னு கேட்டான் பாருங்க, அந்தக் கேள்விக்குள்ள ஒரு இலக்கணப் பாடமே இருக்கு.

எங்க ஊருக்கு இந்த மாதிரி மறைச்சு எழுதுறது புதுசும் இல்ல. ஜவுளிக் கடையில சீட்டுல வாங்கின விலையை எழுத்தா எழுதி வச்சிருப்பாங்க, பத்து எழுத்தும் வேற வேறயா வர்ற ஒரு தொடரை மனப்பாடம் பண்ணிக்கிட்டு ஒண்ணுக்கு முதல் எழுத்து, ரெண்டுக்கு ரெண்டாவதுன்னு, கடைப் பையனுக்குத் தெரியும், வாங்க வந்தவங்களுக்குத் தெரியாது. நன்னூல் உரையிலயே குழூஉக்குறின்னு சொல்லி பொற்கொல்லர் பொன்னைப் பறிம்பாங்க, யானைப் பாகர் ஆடையைக் காரைம்பாங்கன்னு உதாரணம் காட்டியிருக்கு.

குறிப்பு வகைகளுக்கு வர்றேன். எழுத்தை மாத்தாம குறிப்பையே விசித்திரமா எழுதுறதும் உண்டு. இங்கிலாந்துல அஃப்ரித்ங்கிற புனைபேர்க்காரர் கண்டுபிடிச்ச ஒரு வகை இருக்கு, அச்சுக்கோக்குறவர் செஞ்ச குளறுபடி மாதிரி. ஒரு வாக்கியத்துக்குள்ள இருந்த விடையை உருவி எடுத்துட்டு, மிச்சத்தை ஒட்டி இடைவெளியை மாத்தி அச்சடிச்சிருப்பாங்க. எங்கே உருவினாங்கன்னு கண்டுபிடிச்சு திரும்பச் சொருகணும். தமிழ்ல இது வராதுன்னுதான் அம்மான் சொல்லிக்கிட்டிருந்தாக, அவுகளுக்கு நான் எழுதிக் குடுத்தது: "காந்தி காட்டின விடுமுறை உலகத்துக்கே புதுசு (2)". அக்டோபர் ரெண்டு லீவு ஞாபகத்துக்கு வந்து ஏமாத்தும். விடுமுறைய நடுவுல பிளந்து தலைன்னு சொருகுங்க. காந்தி காட்டின விடுதலை முறை உலகத்துக்கே புதுசு. விடை தலை. அம்மான் ரொம்ப நேரம் அந்தத் தாளையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, இன்னொண்ணு எழுதுன்னாக.

இன்னொரு வகை, குறிப்புல ஒரே ஒரு எழுத்தை வேணும்னே தப்பா அச்சடிக்கிறது. "படுக்கிறதுக்கு விரிக்கிற காய்"னு இருந்தா பாய்னு திருத்திக்கணும், கோரைப் பாயோட வேறு பேரு ஏதோ விடையா வரும். ஆனா அதோட முடியாது, ஒவ்வொரு குறிப்புலயும் திருத்தின எழுத்தை வரிசையா எழுதிக்கிட்டு வந்தா கடைசியில ஒரு செய்தி கிடைக்கும், பொங்கல் வாழ்த்தோ ஒரு ஊர் பேரோ. அந்தச் செய்திய வச்சு அடுத்து ஒரு வேலை செய்யச் சொல்லலாம், சக்கரத்தை எத்தனை படி சுத்தணும்ங்கிறதையே அதுல ஒளிக்கலாம். "ரெண்டு"ன்னு வர்றதுக்கு மூணு எழுத்து திருத்தணும், "இரண்டு"ன்னா நாலு எழுத்து வேணும், "ஆறு"ன்னா ரெண்டே போதும் ஆனா ஆறு படி சுத்தினா பழைய இடத்துக்கே வந்துரும், இப்படி எழுதுறவங்களுக்கும் யோசிக்க நிறைய இருக்கு.

இதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு, நமக்கு எதுக்குன்னு உங்க அலுவலகத்துல யாராவது சொல்லலாம். தண்டியலங்காரத்துல சொல்லணியியலைத் திறந்து வினாவுத்தரம்னு இருக்குற இடத்தைப் பாக்கச் சொல்லுங்க, 12ஆம் நூற்றாண்டுன்னு சொல்லப்படுற நூல். அங்க உதாரணப் பாட்டுல வரிசையா கேள்வியா வருது. பூமகள் யாரு, திரு. போறவனை ஏவுறவன் என்ன சொல்வான், ஏகு. போருக்கு ஆகுற சரத்துக்குப் பேரு என்ன, அம்பு. அழகுக்குப் பேரு, அம். பிறை சூடினவர் விரும்பித் தங்குற இடம் எது? மேல கிடைச்ச நாலையும் சேத்துப் படிங்க, திருவேகம்பம், காஞ்சிபுரத்துல இருக்குற கோயில். துண்டு துண்டா பொருள், கடைசியில முழுச் சொல்லுக்கும் ஒரு பொருள். இங்கிலீஷ்ல நூறு வருஷமா போடுறதுல நிறைய குறிப்பு இந்த அமைப்புதான். அதே பகுதியில ஒரு பாட்டுக்குள்ள இன்னொரு பாட்டை ஒளிக்கிற கரந்துறை செய்யுள், முன்னாலயும் பின்னாலயும் ஒரே மாதிரி படிக்கிற மாலைமாற்று எல்லாம் இருக்கு, மாலைமாற்றுல சம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்காரு, காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டுல அடைச்சிருக்காரு. இதையெல்லாம் பரீட்சைக்கு ரெண்டு மார்க் கேள்வியா படிச்சுட்டு மறந்துடுறோம். உக்காந்து போட்டுப் பாக்குற விளையாட்டா வாரா வாரம் கையில வந்தா மறக்குமா?

அதிலயும் இந்த செட்டிநாட்டுப் பக்கத்துல இதைப் படிக்க ஆள் இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க. காரைக்குடியில சா. கணேசன் 1939ல ஆரம்பிச்ச கம்பன் கழகம் இருக்கு, விழாவுல ஒரு பாட்டுக்கு ஒரு மணி நேரம் விளக்கம் சொன்னாலும் தரையில உக்காந்து கேக்குற கூட்டம் அது. ஊழியனும் குமரனும் இந்த ஊருலேருந்து வந்த பத்திரிகைங்க. எங்க கோட்டையூர்ல ரோஜா முத்தையா ஒருத்தர் தனி ஆளா சேத்து வச்ச புத்தகமும் பழைய பத்திரிகையும்தான் இன்னைக்கு சென்னையில பெரிய ஆராய்ச்சி நூலகமா நிக்குது. எங்க ஆயா பள்ளிக்கூடம் போனதே இல்ல, ஆனா விடுகதை போட்டா விடை சொன்னா மட்டும் விட மாட்டாக, எப்படி வந்துச்சுன்னு சொல்லுன்னு கேப்பாக. அந்தப் பழக்கம் உள்ள வாசகர்கள் உங்களுக்கு எல்லா ஊருலயும் இருக்காங்க.

அந்த "எப்படி வந்துச்சு"ங்கிறதுதான் என்னோட ரெண்டாவது வேண்டுகோள், ஒரு வகையில இதுதான் பெருசு. இப்ப நீங்க அடுத்த வாரம் விடைக் கட்டத்தை மட்டும் தலைகீழா, கண்ணுக்கே தெரியாத அளவுல போடுறீங்க. சங்கேதப் புதிருக்கு அது பத்தவே பத்தாது. ஒவ்வொரு விடைக்கும் ஒரு வரி விளக்கம் வேணும், எது நேர் பொருள், எந்த எழுத்து எங்கேருந்து வந்துச்சு, எந்தச் சொல்லு உள்ள பாருன்னு சொல்லுச்சு. இது இல்லாம போட்டீங்கன்னா ரெண்டே வாரத்துல "புரியலை, நிறுத்துங்க"ன்னு கடிதம் வரும், நீங்களும் நிறுத்திருவீங்க, தப்பு புதிர் மேல விழுந்துரும். இங்கிலீஷ் கிரிப்டிக் பழகின யாரைக் கேட்டாலும் விளக்கத்தைப் படிச்சுத்தான் பழகினேன்னு சொல்வாங்க.

கட்டம் போடுறவருக்கும் சிலது சொல்லணும், உரிமை எடுத்துக்கிறேன். இங்கிலீஷ்ல இருக்குற 15க்கு 15 கட்டத்தை அப்படியே எடுக்காதீங்க, அவங்களுக்கு 26 எழுத்து, சுலபமா குறுக்க வெட்டும், நமக்கு 247, சின்னக் கட்டமா எடுத்து கறுப்புக் கட்டத்தைத் தாராளமா வைங்க. புள்ளி வச்ச மெய்க்கு தனிக் கட்டம்ங்கிறதை மாத்தாதீங்க, இப்ப இருக்குறது சரியாத்தான் இருக்கு. சந்தி ஒரு பெரிய தலைவலி, காரையும் குடியும் சேந்தா நடுவுல ஒரு க் முளைக்குது, குறிப்பு அதைச் சொல்லணுமா வேண்டாமான்னு ஒரு முடிவு எடுத்து முதல் நாளே அறிவிச்சுருங்க, எந்த முடிவுன்னாலும் சரி, வாரத்துக்கு ஒண்ணா மாத்தக் கூடாது. என்னைக் கேட்டா சந்தியில வர்ற எழுத்தைச் சொல்லாம விடலாம், தமிழ் தெரிஞ்சவங்களுக்கு அது தானா வரும். சங்கேத எழுத்து மொத மாசமே வேண்டாம், ரெண்டு மூணு மாசம் சாதா சங்கேதக் குறிப்பு போட்டு, பழகினப்புறம் ஒரே ஒரு விடையை மட்டும் சக்கரத்துல சுத்துங்க, எந்த விடைன்னும் சொல்லிடுங்க, அப்புறம் மெல்ல மெல்ல சொல்றதைக் குறைச்சுக்கலாம்.

நான் ஏழுக்கு ஏழு கட்டத்துல ஒரு புதிர் முழுசா போட்டு, குறிப்பு, விடை, விளக்கம் எல்லாம் தனித்தனித் தாள்ல எழுதி இந்தக் கடிதத்தோட வச்சிருக்கேன், ரெண்டு விடை மட்டும் சக்கரத்துல ஒரு படி தள்ளி எழுத வேண்டியது. உங்க ஆளுகளைப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க, எந்தக் குறிப்பு நியாயமில்லன்னு தோணுதோ அதுல கோடு போட்டுத் திருப்பி அனுப்புங்க, மாத்தித் தர்றேன். விளக்கத் தாளை மட்டும் போட்டு முடிச்சப்புறம் பிரிக்கச் சொல்லுங்க, அதைத் தனியா ஒட்டி வச்சிருக்கேன். அச்சுல வந்தா மெய்யெழுத்தோட புள்ளி தெளிவா விழுற மாதிரி பாத்துக்கங்க, போன மாசம் ஒரு நாள் புள்ளி விழாம ன் ன ஆகிப் போய் எங்க வீட்டுல பாதி நாள் ஓடிருச்சு, சங்கேதப் புதிர்ல புள்ளி போனா விடையே போயிரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோட்டையூர், காரைக்குடி வழி